விரலிடுக்கில் ஈரம்

பள்ளிக்கரணையில் மழை நின்றாலும் தண்ணீர் உடனே போகாது. தென்சென்னையின் ஏரிகள் நிறைந்து வழியும்போது அந்த நீரெல்லாம் சரிந்து வந்து தங்குகிற பள்ளம் இது. இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல நகர்ந்து, பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில்தான் அது கடலில் சேரும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலம், குப்பைக் கிடங்காலும் சாலைகளாலும் அடுக்குமாடிகளாலும் நெருக்குண்டு சுருங்கிவிட்டது. எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேரை 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக அறிவித்தார்கள். சதுப்பு சுருங்கியதே தவிர, அதைத் தேடி வருகிற தண்ணீர் குறையவில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு ஓடியதை ஊரே பார்த்தது.

அந்த இரண்டு வெள்ளமும் செய்தியாயின. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் உள்தெருக்களில் கணுக்கால் அளவுக்கு இரண்டு மூன்று நாள் நிற்கிற தண்ணீர் செய்தியாவதில்லை. பால் வாங்கப் போகிறவர், வீட்டு வேலைக்குப் போகிற அக்கா, பைக்கை உருட்டிக்கொண்டு சாப்பாடு கொண்டுவருகிற தம்பி, குப்பை வண்டி தள்ளுகிற தூய்மைப் பணியாளர் என எல்லோரும் அதில்தான் நடந்தாக வேண்டும். அடுத்த வாரம் மருந்துக் கடைகளில் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு கேட்டு ஆள் வந்தபடி இருப்பார்கள்.

வலிக்கிற கால் எப்படியும் நம் கவனத்தை வாங்கிவிடும். எனக்குக் கவலையெல்லாம் வலிக்காத கால்களைப் பற்றித்தான். அவை இந்தப் பகுதியில் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பற்றிய அறிவியலும் இங்கிருந்து அதிக தூரமில்லாத ஓரிடத்தில்தான் பிறந்தது. அங்கே போவதற்கு முன் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ளங்கால் தோல் உடம்பின் மற்ற இடத்துத் தோலைப் போன்றது கிடையாது. அதன் மேலடுக்கு பல மடங்கு தடிமன். அதில் முடி இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. அதற்கு மாறாக வியர்வைச் சுரப்பிகள் உடம்பிலேயே இங்கேதான் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில். எண்ணெய் இல்லாததால் தண்ணீர் எளிதில் உள்ளே ஊறும், காய்ந்தால் எளிதில் வெடிக்கும். மழைக்காலத்துச் சேற்றுப்புண்ணும் கோடையின் பித்தவெடிப்பும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

நெடுநேரம் தண்ணீரில் நின்றால் பாதம் வெளுத்துச் சுருங்குகிறது. தோல் ஊறி உப்புவதால்தான் இந்தச் சுருக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை உண்டாக்குவது நரம்பு. ஈரம் பட்டதும் தன்னியக்க நரம்புகள் விரல்நுனியின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன. உள்ளே கனம் குறைந்ததும் மேல்தோல் மடிகிறது. 1930களில் லண்டன் மருத்துவர்கள் தாமஸ் லூயிஸும் ஜார்ஜ் பிக்கரிங்கும் நரம்பு அறுந்த இடத்தில் தண்ணீர் பட்டாலும் தோல் சுருங்குவதில்லை என்று கவனித்தார்கள். பிறகு அதுவே நரம்பைச் சோதிக்கும் ஒரு முறையானது. வெள்ளத்தில் ஒரு மணிநேரம் நின்றும் ஒருவருடைய கால்விரல்கள் மழமழவென்றே இருந்தால், அந்தக் காலின் நரம்புகளைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சேற்றுப்புண் பெரும்பாலும் தொடங்குவது சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில். அந்த இடுக்குதான் மிகக் குறுகலானது. காற்று புகாது, துண்டும் நுழையாது. ஊறி வெளுத்த தோலில் பூஞ்சை குடியேறுகிறது. டிரைக்கோபைட்டான் இனத்துப் பூஞ்சைகள் நம் தோலின் கெரட்டின் புரதத்தையே தின்று வாழ்பவை. அரிப்பு, வெள்ளையாக உரியும் தோல், லேசான வாடை ஆகியவை முதல் கட்டம். அதோடு நின்றால் பெரிய தொந்தரவு கிடையாது. தோல் கிழிந்ததும் பாக்டீரியாக்கள் சேர்ந்துகொள்கின்றன. அரிப்பு எரிச்சலாகி, நீர் கசிந்து, சில சமயம் பச்சை நிறம் தட்டி, வாடை கடுமையாகும். அந்தக் கட்டத்தில் பூஞ்சைக் களிம்பு மட்டும் போதாது.

சிகிச்சையில் பாதி வேலை உலர்த்துவதுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் சாதாரண சோப்பும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கிலும் பருத்தித் துணியை விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஊறிய தோல் கிழியும். இரவில் இடுக்கில் சிறு பஞ்சோ மெல்லிய துணியோ வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும். நீர் கசிந்தால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் இளஞ்சிவப்பு நிறம் வருகிற அளவுக்கு மட்டும் கரைத்து, பத்து நிமிடம் காலை வைத்து உலர்த்துவது பழைய, நல்ல வழி. பூஞ்சைக்கு டெர்பினாஃபைன் களிம்பு ஓரிரு வாரம், குளோட்ரிமசோல் என்றால் நான்கு வாரம் வரை. அரிப்பு நின்ற மூன்றாம் நாளே களிம்பை ஓரம் வைத்துவிடுவதால்தான் பலருக்கு அடுத்த மழையில் புண் திரும்ப வருகிறது. பூஞ்சையின் இழைகள் அரிப்பு நின்ற பிறகும் தோலுக்குள் இருக்கும்.

நான் மன்றாடிக் கேட்டுக்கொள்ள விரும்பும் ஒன்று இங்கே இருக்கிறது. கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிற சில கலவைக் களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். போட்ட இரவே அரிப்பு அடங்கும். அதனால் அதையே கேட்டு வாங்குகிறார்கள். ஸ்டீராய்டு அடக்குவது நம் உடம்பின் எதிர்ப்பை. பூஞ்சை அந்த மறைவில் நிம்மதியாகப் பரவுகிறது. இந்தியாவில் பத்தாண்டுகளாகப் படர்தாமரை குணமாகாமல் நீடிப்பதற்கு இந்தக் களிம்புகள் ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020-இல் 'டிரைக்கோபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைக்கும்போது நம் நாட்டின் பெயரே அதில் ஏறிவிட்டது. களிம்புக் குழாயின் மேல் 'குளோபெட்டசால்', 'பீட்டாமெத்தசோன்' என்று இருந்தால் அதை மருத்துவர் எழுதித் தராமல் காலில் போடாதீர்கள்.

மஞ்சளும் மருதாணியும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நாற்று நடுகிற பெண்கள் காலுக்கு மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டது அழகுக்காக மட்டும் கிடையாது. மருதாணியின் நிறமியான லாசோனுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் இருப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. தோல் முழுதாக இருக்கும்போது, புண் வராமல் காக்க அவை உதவலாம். கிழிந்து கசிகிற புண்ணில் எதையும் அரைத்து அப்பக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றுவதை இன்றும் சிலர் செய்கிறார்கள். அது ரசாயனத் தீப்புண்ணை உண்டாக்கும்.

விரலிடுக்கின் அந்தச் சிறு கிழிசலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், அதன் வழியாகத்தான் பெரியவை நுழைகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அதில் புகுந்து முழங்கால் வரை சிவந்து வீங்கும் செல்லுலைட்டிஸை உண்டாக்கும். யானைக்கால் நோயால் நிணநீர்க் குழாய்கள் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும்; குளிர்காய்ச்சலோடு வருகிற ஒவ்வொரு தாக்குதலும் வீக்கத்தை இன்னும் கூட்டிவிட்டுத்தான் போகும். தென்சென்னைப் புறநகர்களில் அந்தப் பழைய தலைமுறை நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள். தினமும் காலைக் கழுவி, இடுக்குகளை உலர்த்தி, காலை உயர்த்தி வைத்துக்கொண்டாலே தாக்குதல்கள் குறைகின்றன என்பது நன்றாக நிறுவப்பட்டது. அவர்களுக்கு மாத்திரையைவிட ஒரு வாளித் தண்ணீரும் சுத்தமான துண்டும் அதிகம் செய்திருக்கின்றன.

எலிக்காய்ச்சலும் இதே வழிதான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா கிருமி நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். ஊறி இளகிய தோலும் சிறு வெட்டும் அதற்குப் போதும். தேங்கிய நீரில் நடந்து ஒன்று இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும், கண் சிவப்பும், கெண்டைக்காலில் தொட முடியாத வலியும் வந்தால், "தண்ணியில நடந்தேன் டாக்டர்" என்ற ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவர் சரியான திசையில் யோசிக்க அது பெரிய உதவி. தண்ணீருக்கடியில் ஆணியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

கால் நாற்றத்துக்கும் ஈரம்தான் காரணம், ஆனால் அந்த ஈரம் வெளியிலிருந்து வருவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) கட்டடங்களின் வாசலில் பன்னிரண்டு மணிநேரம் ஷூவோடு நிற்கிற காவலாளிகள் இதற்காக வெட்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. வியர்வைக்கு மணம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும்போது ஐசோவலெரிக் அமிலம் உண்டாகிறது, நாற்றம் அதனுடையது. உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோல் குழிகுழியாகத் தெரிந்தால் அது பூஞ்சையே இல்லை, பாக்டீரியாத் தொற்று. அதற்குப் பூஞ்சைக் களிம்பு போட்டுப் பயனில்லை. கிளிண்டாமைசின் போன்ற மருந்து சில வாரங்களில் தீர்த்துவிடும். இரண்டு ஜோடி ஷூ இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போட முடிந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஒரு ஜோடி மட்டுமே சீருடையோடு தருகிற நிறுவனங்கள் இதை யோசிக்க வேண்டும்.

பித்தவெடிப்புக்கும் பித்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குதிகாலின் ஓரத்துத் தோல் காய்ந்து தடித்து, விரியும் தன்மையை இழந்திருக்கும். நிற்கும்போது உடல் எடை அடியிலுள்ள கொழுப்பு மெத்தையை அழுத்த, அது பக்கவாட்டில் பிதுங்க, விரிய முடியாத தோல் பிளக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பு, சிமெண்டுத் தரையில் வெறுங்கால், நாள் முழுக்க நிற்பது, எடை எல்லாம் சேர்ந்து இதைக் கூட்டும். தைராய்டு குறைவும் சர்க்கரையும் பின்னால் இருக்கலாம். இரவில் கால் மணிநேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் முழுதும் போவதற்குள் வாசலினோ யூரியா களிம்போ தடவிப் பருத்திச் சாக்ஸ் போட்டுப் படுத்தால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். யூரியா தோலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கும், கடினக் கெரட்டினை இளக்கவும் செய்யும். சர்க்கரை நோயாளிகள் ஊறவைப்பதையும் கல்லையும் தவிர்த்துக் களிம்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

கால் ஆணி என்பது ஒரே இடத்தில் விழுகிற அழுத்தத்துக்குத் தோல் தருகிற பதில். அழுத்தம் நீங்காதவரை எத்தனை முறை எடுத்தாலும் வளரும். சின்ன ஷூ, மடங்கிய விரல், துருத்திய எலும்பு என்று காரணத்தைத்தான் தேட வேண்டும். ஆணி என்று நினைத்து வருகிறவற்றில் சில மருவாக இருக்கும், அது வைரஸால் வருவது. நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி, இரு பக்கமும் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு. மருவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும், தோலின் ரேகைகள் அதைச் சுற்றி விலகிப் போகும். பிளேடால் சீவுவது இரண்டுக்குமே ஆபத்து. கடையில் விற்கும் ஆணிப் பட்டையில் 40 சதவீத சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அதற்கு ஆணியையும் நல்ல தோலையும் பிரித்தறியத் தெரியாது.

நகத்தை நேர்கோட்டில் வெட்டுங்கள். மூலையை வளைத்து உள்ளே வெட்டினால் அது சதைக்குள் வளரும். இதற்கு மேல் நகத்தைப் பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை.

குதிகால் வலிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் அதில் மருத்துவத்தோடு சட்டமும் கலந்திருக்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியில் குதிகாலின் உள்பக்கம் முள் தைத்த மாதிரி வலி. பத்து அடி நடந்ததும் குறையும். மாலையில் திரும்ப வரும். இப்படி இருந்தால் பெரும்பாலும் அது பாதத்தின் அடிப்பட்டைத் திசுவில் வந்த சேதம். குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடுகிற இந்தத் திசு, வில்லுக்கு நாண் போலப் பாதத்தின் வளைவை இழுத்துப் பிடித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்புத் துருத்தலைக் காட்டி "எலும்பு வளர்ந்திருக்கு" என்று பயந்து வருகிறவர்கள் அதிகம். அந்தத் துருத்தல் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கிறது. அதற்காக அறுவை சிகிச்சை தேவைப்படுவது மிக அரிது.

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே வலிக்கிற காலை மறுகாலின் மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மேலே இழுத்து, பத்து எண்ணும்வரை நிறுத்தி, பத்து முறை செய்யுங்கள். கெண்டைக்கால் தசையையும் சுவரில் கைவைத்துச் சாய்ந்து நீட்டுங்கள். தண்ணீரை உறையவைத்த பாட்டிலைப் பாதத்தின் அடியில் உருட்டுவது வலியைத் தணிக்கும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு வேண்டும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே குணமாகிவிடும், பொறுமைதான் கடினம். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், அடிக்கடி போட்டால் அந்தத் திசுவே அறுந்துபோகக் கூடும்.

இந்த வலி அதிகம் தாக்குவது நாள் முழுக்க நிற்கிறவர்களை. வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் தி.நகரிலும் துணிக்கடை, நகைக்கடைகளில் நிற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. கேரளத்துக்கு அடுத்து இப்படிச் செய்த மாநிலம் நம்முடையது. இருக்கை இருந்தும் உட்காரத் தயங்குகிற சூழல் இன்னும் மாறவில்லை. வாடிக்கையாளர்களாகிய நாமே "உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லலாம். அவர்களின் குதிகாலுக்கு இதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை.

இனி வலிக்காத காலுக்கு வருகிறேன்.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி. அங்கே இருக்கும் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்பு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமாக இருந்தது. 1947-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே வந்தார். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, குழந்தைப் பருவத்தை அங்கேயே கழித்தவர். இல்லத்தை நடத்திய டாக்டர் ராபர்ட் காக்ரேன் நோயாளிகளைக் காட்டிக்கொண்டு வந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையில் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலுவே இருக்காது என்று எதிர்பார்த்த பிடி, அவர் கை நொறுங்கும்படி இறுகியது. அந்தக் கையில் நல்ல தசைகள் இருந்தன. தன் பிடி எதிரிலிருப்பவருக்கு வலிக்கிறது என்பதை உணரத்தான் அந்த மனிதருக்கு வழியில்லை.

தொழுநோயில் சதை தானாகவே அழுகி விழுகிறது என்று அதுவரை மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். பிராண்டும் அவரோடு வேலூரிலும் கரிகிரியிலும் உழைத்தவர்களும் ஒவ்வொரு புண்ணின் காரணத்தையும் துப்பறிந்தார்கள். சூடான பாத்திரம், செருப்புக்குள் நீட்டிய ஆணி, இரவில் கடித்த எலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வெளியே இருந்தது. கிருமி அழித்தது உணர்வு நரம்பை. சதையை அழித்தது உணரப்படாத காயம். அதனால் புண்ணைத் தடுக்க முடியும் என்றாயிற்று. நூற்றாண்டுகளின் திகில் ஒன்று அங்கே கலைந்தது.

அவர்கள் கண்டதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பெரிய காயங்களைவிடச் சின்ன அழுத்தங்கள் திரும்பத் திரும்ப விழுவதன் ஆபத்து. நலமான ஒருவர் நெடுந்தூரம் நடக்கும்போது பாதத்தில் ஓரிடம் சூடேறினால், அவர் அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார்; எடையை ஓரத்துக்குத் தள்ளுகிறார், கடைசியில் நொண்டுகிறார். நொண்டுவது ஒரு காப்பு. உணர்வற்ற கால் நொண்டாது. முதல் அடியும் பத்தாயிரமாவது அடியும் அதே புள்ளியில் விழும். பிற்பாடு அமெரிக்காவில் பிராண்ட் இதை எலிகளின் பாதத்தில் சோதித்தார். தோலை உடைக்காத மிதமான அழுத்தத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்தபோது சில நாட்களிலேயே புண் வந்தது. அழுத்தத்தின் எண்ணிக்கையைக் குறைத்து, இடையில் ஓய்வு நாள் விட்டபோது தோல் தடித்துத் தாக்குப்பிடித்தது.

இதிலிருந்து வந்ததுதான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எம்சிஆர் செருப்பு. உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்ட மிருதுவான ரப்பர். அழுத்தத்தை ஒரே புள்ளியில் விடாமல் பாதம் முழுக்கப் பரப்பும். பிளாஸ்டர் கட்டு போட்டு அழுத்தத்தைப் பகிர்ந்து, புண்ணோடேயே நடக்கவைத்து ஆற்றும் முறையும் தொழுநோய் மருத்துவத்திலிருந்தே வந்தது. இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பாலின் பெயர் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. 1960களில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களில் அதே புண்ணைப் பார்த்தார். வேலூரில் கற்றது அவர்களுக்கும் பொருந்தியது. இன்று உலகெங்கும் சர்க்கரைப் பாதத்துக்குச் செய்கிற சிகிச்சையின் அடித்தளத்தில் வட தமிழகத்தின் தொழுநோயாளிகளுடைய கால்கள் இருக்கின்றன.

இப்போது அந்தப் பாடம் நமக்கே தேவைப்படுகிறது. ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின் 2023 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேரில் ஒருவர். சர்க்கரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப் புண்ணைச் சந்திக்கிறார்கள் என்பது உலக அளவிலான கணக்கு. காலை வெட்டி எடுக்க வேண்டி வரும் நிலைகளில் பெரும்பாலானவை சின்னப் புண்ணில் தொடங்கியவை. கூடுதல் சர்க்கரை முதலில் பாதிப்பது உடம்பின் மிக நீளமான நரம்புகளை; அதனால்தான் கால்விரல் நுனியில் மதமதப்பு முதலில் வருகிறது. தன்னியக்க நரம்பும் கெடுவதால் வியர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கும். ரத்தக்குழாய் அடைத்தால் ஆற வேண்டிய புண் ஆறாது. புகைபிடிப்பவருக்கு இது இன்னும் விரைவாக வரும். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு காலோடு தேங்கிய தண்ணீரில் நடப்பதை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

உணர்வு இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் வகுத்த முறை இது. சர்க்கரை உள்ளவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இன்னொருவர் தன் ஆள்காட்டி விரல்நுனியால் அவருடைய இரு கால்களின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒரு நொடி, பூ மாதிரி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொண்டு மருத்துவரிடம் போகலாம். பேரனோ மருமகளோ ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் செலவழித்தால் முடிந்துவிடும்.

உணர்வு குறைந்தவருக்கு நடைமுறை மாறிவிடுகிறது. காலைச் சுடுநீரில் வைக்கக் கூடாது, தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். பெருவிரலிடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பைவிடப் பின்பக்கமும் வார் உள்ள எம்சிஆர் செருப்பு நல்லது. மரத்த காலிலிருந்து ரப்பர் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. செருப்பை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கிய அளவில் இருக்கும். அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே பாதணிகளை வடிவமைத்திருக்கிறது.

வெறுங்கால் நடைதான் நம்மிடம் மிகச் சங்கடமான பேச்சு. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் நடந்து, வீடு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. பக்தியை விடச் சொல்லவில்லை. காலையில் கல் சூடாகும் முன் போகலாம், தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். கோயில் நிர்வாகங்கள் நடைபாதையில் விரிப்புப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைப்பது பலரின் காலைக் காப்பாற்றுகிற காரியம். வெறுங்காலில் தைத்த முள்ளின் வழியே கிருமி புகுந்து, ஆண்டுக்கணக்கில் பாதம் வீங்கிக் குருணை குருணையாகச் சீழ் வடியும் நோயை 1842-இல் மதுரையில் பதிவு செய்தார்கள்; மருத்துவ உலகம் இன்றும் அதை மதுரைப் பாதம் என்றுதான் அழைக்கிறது. அது இப்போது அரிது, முள்ளும் கண்ணாடியும் அரிதாகவில்லை.

மழைத் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சர்க்கரை உள்ளவர்கள் முழங்கால் வரை வருகிற கம் பூட் போட்டுக்கொள்ளட்டும். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கொட்ட வேண்டும். வீடு திரும்பியதும் நல்ல வெளிச்சத்தில் இரு உள்ளங்காலையும் பார்க்க வேண்டும்; குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்தோ செல்போனில் படமெடுத்தோ பார்க்கலாம். கொப்புளம், வெட்டு, நிறம் மாறிய இடம் ஏதாவது இருந்தால் மறுநாளே காட்டுங்கள், வலி வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, சீழ் நாறினாலோ அன்றைக்கே மருத்துவமனை. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்கினாலும் அப்படித்தான். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம், அதுவும் வலிக்காமலே போகலாம்.

அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்கவும், புண் உள்ளவர்களைப் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பவும் ஏற்பாடு இருக்கிறது. நம் பக்கத்துக்காரர்களுக்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது. மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது செருப்பையும் சாக்ஸையும் கழற்றி, "காலையும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்வரை வைத்துப் பார்ப்பார்கள், கணுக்காலில் நாடி பிடிப்பார்கள். சில நிமிடம்தான் ஆகும், வலிக்காது.